பத்துப் பொருத்தமும் ஓரத்துப் புள்ளியும்

இந்தச் சம்பவத்துக்கு முன்பு ஊரில் எனக்கு இருந்த நிலையை முதலில் பதிவு செய்துவிடுகிறேன். முழுவதையும் படித்து முடித்தவர்களுக்கு அது நினைவில் நிற்க வாய்ப்பில்லை.

காவாந்தண்டலத்தில் எங்கள் தெருவிலிருந்து சென்னைக்குப் போய்ப் புள்ளியியலில் பட்டம் பெற்ற முதல் ஆள் நான். முப்பத்து மூன்று ஆண்டுகள் அரசுப் பணியில் பயிர் விளைச்சலை மதிப்பிட்டேன். வயலில் கயிறு கட்டிச் சதுரம் பிரித்து, அதற்குள் விளைந்த நெல்லை மட்டும் அறுத்து நிறுத்து, சுற்று வட்டாரம் முழுவதும் என்ன விளையும் என்று எழுதித் தருவது என் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் ஏதாவது சச்சரவு என்றால் என்னிடம் வந்து அபிப்பிராயம் கேட்பார்கள். (நான் சொன்னபடி யாரும் நடந்ததாக நினைவில்லை. ஆனால் கேட்காமல் இருந்ததில்லை.)

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பத்துப் பொருத்தமும் அமைந்த திருமணம் என்னுடையது. எங்கள் பக்கத்தில் ஐந்தாறு பொருத்தம் இருந்தாலே தட்டை மாற்றிவிடுவார்கள். எட்டு என்றால் ஜோசியருக்கு வேட்டி எடுத்துக் கொடுப்பார்கள். எங்களுக்குப் பத்தும் இருந்ததால் ஜோசியர் தம்மையே சந்தேகித்து இரண்டு முறை கணித்தாராம். அவர் எழுதித் தந்த தாளை, நான்கு மூலையிலும் தடவிய மஞ்சளோடு, என் தகப்பனார் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். வீட்டுக்கு வருகிறவர் உட்காரும் முன்பே அது கண்ணில் படும். படாவிட்டால் நான் காட்டுவேன். பொருத்தம் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் பத்துக்குப் பத்து என்பது மதிப்பெண். மதிப்பெண்ணை மறுக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

என் மனைவி வசந்தா வந்தவர்களுக்குக் காப்பி கொடுப்பாள். அந்தச் சட்டத்தைப் பற்றி அவள் ஒரு நாளும் ஒரு வார்த்தை பேசியதில்லை. அதை நான் அடக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

என் தங்கை சரோஜா வாழ்க்கைப்பட்டது உத்திரமேரூரில். அவளுடைய ஒரே மகள் சுகன்யா பி.காம். படித்துவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையின் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அங்கேயே வேலை பார்த்த தென்னேரிப் பையன் லோகேஷை அவளுக்குப் பிடித்திருந்தது. இரண்டு குடும்பமும் பயிர்த்தொழில். இரண்டு பக்கமும் ஆட்சேபனை இல்லை. ஜாதகத்தைக் கொண்டுபோனார்கள். பத்தில் நான்குதான் தேறியது. சரோஜா பேச்சை நிறுத்திவிட்டாள். பையன் வீட்டார் கௌரவமானவர்கள். தை பிறக்கும் வரை பார்ப்போம், அதற்குள் பதில் இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லியனுப்பினார்கள்.

சுகன்யா ஒரு ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறி என்னிடம் வந்தாள். தாய்மாமன் சொன்னால் அம்மா கேட்பாள் என்பது அவள் கணக்கு.

"மாமா, நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். அம்மா யார் பேச்சையும் கேக்க மாட்டேங்குது. அழுதுக்கினே கீது."

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நேரே போய்த் தங்கையின் பக்கத்தில் உட்கார்ந்து, பெண் விரும்புகிறாள், செய்துவிடு என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வெறும் வார்த்தை சொல்வது படிக்காதவர்கள் செய்கிற காரியம் என்று எனக்குத் தோன்றியது. பொருத்தத்துக்கும் இல்லற மகிழ்ச்சிக்கும் சம்பந்தம் இல்லை என்பதை எண்களால் நிரூபித்துக் காட்டுகிறேன் என்று அந்தப் பெண்ணிடம் வாக்குக் கொடுத்தேன். அவள் முகம் வாடியதை நான் வியப்பு என்று புரிந்துகொண்டேன்.

திட்டம் எளிமையானது. ஊரில் முப்பது தம்பதிகள். ஒவ்வொரு தம்பதிக்கும் இரண்டு எண்: திருமணத்தின்போது அமைந்த பொருத்தம் எத்தனை, இப்போது வாழ்க்கை பத்துக்கு எத்தனை மதிப்பெண். முதல் எண் எல்லா வீட்டிலும் ஜாதக நோட்டுக்குள் செருகியிருக்கும். இரண்டாவதைக் கேட்டு எழுத வேண்டியதுதான். பிறகு வரைபடத் தாளில் கீழ்க்கோட்டில் பொருத்தம், பக்கக்கோட்டில் மகிழ்ச்சி என்று வைத்து, தம்பதிக்கு ஒரு புள்ளி வைத்தால், முப்பது புள்ளிகள் சேர்ந்து உண்மையைச் சொல்லிவிடும். ஆய்வு செய்பவன் தன்னையே அளக்கக் கூடாது என்பதால் எங்கள் வீட்டை மட்டும் விலக்கினேன்.

படிவம் தயாரித்து, மடித்த சட்டையும் பேனாவுமாக வீடு வீடாகப் போனேன். கணவனையும் மனைவியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன். (இதைவிட மடத்தனமான முறையை என் கீழ் வேலை பார்த்த எவனாவது கையாண்டிருந்தால் விளக்கம் கேட்டு எழுதியிருப்பேன்.) முப்பது வீட்டிலும் பத்துக்குப் பத்து. ஒரே ஒருவர் "ஒம்போது" என்று ஆரம்பித்தார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தாள். பத்து என்று திருத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட உட்கார்ந்தேன். எல்லாரும் ஒரே மதிப்பெண் தந்தால் ஏற்ற இறக்கம் சுழி ஆகிவிடும். பொருத்தத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் ஒட்டுறவுக் கெழுவைக் காண அந்தச் சுழியால் வகுக்க வேண்டியிருக்கும். அது கணிதத்தில் கிடையாது. ஆக, எங்கள் ஊரின் இல்லற இன்பம் கணக்குக்குள் அடங்காத உயரத்தில் இருந்தது.

அப்போதுதான் வசந்தாவை அனுப்பும் யோசனை வந்தது. பெண்களை அவள் தனியாகக் கேட்கட்டும். பெயர் எழுத வேண்டாம், வரிசை எண் மட்டும் போதும். எப்படி எழுதுவது என்று ஒரு மணி நேரம் பாடம் நடத்தினேன். முக்கியமாக ஒன்று சொன்னேன்: ஒரு முறை எழுதிய எண்ணை எக்காரணம் கொண்டும் அடிக்கவோ திருத்தவோ கூடாது. அவள் தலையை ஆட்டிவிட்டு நோட்டை முறத்தின் அடியில் வைத்தாள்.

ஒரு வாரத்தில் நோட்டு திரும்பியது. இந்த முறை எண்களுக்கு உயிர் இருந்தது. ஏழு, ஐந்து, எட்டு, நான்கு, ஆறு. ஒரு வரிக்கு எதிரே எண்ணே இல்லாமல், "அந்தாளு குடிக்கறத நிறுத்தட்டும், அப்பறம் வந்து கேளு" என்று வசந்தா அப்படியே எழுதியிருந்தாள். அதை மூன்று என்று எடுத்துக்கொண்டேன்.

வரிகளை எண்ணினேன். முப்பத்தொன்று இருந்தன. ஒன்று கூடுதலாக இருக்கிறதே என்றேன்.

"ஒரு பொம்பள தானா வந்து சொன்னா. வேணான்னு சொல்லவா?"

மாதிரி பெரிதாக இருப்பது நல்லதுதான் என்று சொல்லி அவளைப் பாராட்டினேன். அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த முப்பத்தோராவது வரியைக் கண்டதும் எனக்கு ஒரு சிறிய வருத்தம் உண்டானதை மறைக்கக் கூடாது. பொருத்தம் பத்து என்று இருந்தது. எங்களைத் தவிர ஊரில் இன்னொரு பத்துப் பொருத்தத் தம்பதி இருக்கிறார்கள், இத்தனை காலம் வெளியே சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். யாராக இருக்கும் என்று இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் பக்கத்தில் இருந்த மகிழ்ச்சி எண்ணைப் பார்த்ததும் வருத்தம் தீர்ந்தது. இரண்டு. பத்து இருந்து என்ன பயன், பாவம், எல்லாருக்குமா எங்களைப் போல அமையும் என்று எண்ணிக்கொண்டேன்.

புள்ளிகளை வைத்தேன். பெரும்பாலானவை ஐந்துக்கும் எட்டுக்கும் நடுவே, இறைத்த விதை போலக் கிடந்தன. ஒட்டுறவு என்பது இரண்டு அளவுகள் சேர்ந்து நடக்கின்றனவா என்று பார்ப்பது. ஒன்று ஏறும்போது மற்றதும் ஏறினால் நேர், ஒன்று ஏற மற்றது இறங்கினால் எதிர், ஒன்றை மற்றொன்று சட்டை செய்யாவிட்டால் சுழியை ஒட்டி நிற்கும். என் புள்ளிகள் ஒன்றை ஒன்று சட்டை செய்யவில்லை. நான் நிரூபிக்க நினைத்ததும் அதுதான். அங்கேயே பென்சிலை வைத்திருக்க வேண்டும்.

வைக்கவில்லை. எல்லாப் புள்ளிகளுக்கும் கூடியவரை அருகில் போகும்படி ஒரு நேர்கோடு கணக்கிட்டு இழுத்தேன். அது இடமிருந்து வலமாகச் சற்றே இறங்கியது. பொருத்தம் கூடக் கூட மகிழ்ச்சி குறைகிறது! இந்த உண்மை உலகத்துக்கு என் மூலம் தெரிய வேண்டும் என்று இருந்திருக்கிறது என நினைத்தேன்.

அடுத்த வாரம் வந்த சுகன்யா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தாள். கல்லூரியில் அவளுக்கும் புள்ளியியல் ஒரு பாடமாக இருந்ததாம்.

"மாமா, ஓரத்துல ஒண்ணு தனியா கீதே. அத எடுத்துட்டு கோடு போட்டுப் பாத்தீங்களா?"

முப்பத்து மூன்று ஆண்டு அனுபவத்தை முன்னிறுத்திப் பதில் சொன்னேன். கிடைத்த தகவலில் பிடிக்காததைக் கழிப்பது நேர்மையல்ல என்றேன். அவள் தாளைத் திருப்பித் தந்துவிட்டுக் கிளம்பினாள். ஆனால் அவள் பேருந்து ஏறிய பிறகு, சொல்ல வெட்கமாக இருக்கிறது, போட்டுப் பார்த்தேன். நெல்லை எடைபோட்ட எனக்குத் தெரியாததல்ல: தராசுக் கோலின் நுனியில் தொங்கும் சின்னக் கல், நடுவில் வைத்த பெரிய கல்லைத் தூக்கிவிடும். வலது ஓரத்தில் தன்னந்தனியாக நின்ற அந்த ஒரே புள்ளிதான் கோடு முழுவதையும் கீழே இழுத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் கோடு மெல்ல மேல்நோக்கித் திரும்பியது. அப்படிப் பார்த்தால் என் தங்கை சொல்வது சரி என்று ஆகிவிடும். இரண்டு சாய்வும் பொருட்படுத்தத் தக்கவை அல்ல, இதிலிருந்து ஒன்றும் சொல்ல முடியாது என்பதே நேர்மையான முடிவு. அந்த இரண்டாவது தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். முதல் தாளைப் பெரிய அட்டையில் சிவப்பு மையால் வரைந்தேன்.

தை பிறப்பதற்கு இரண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிறு காலை, சரோஜா வீட்டில் எல்லாரும் கூடினோம். தென்னேரியிலிருந்து பையனும் அவன் தாய் தகப்பனும் வந்திருந்தார்கள். கடைசியாக ஒரு முறை பேசிப் பார்ப்பது என்று ஏற்பாடு. சரோஜாவின் கணவர், என் மைத்துனர் ஏகாம்பரம், அமைதியானவர். நான் அட்டையைப் பீரோவின் மேல் ஒட்டுவதைப் பார்த்து, ஏதாவது பேச வேண்டுமே என்று, பசை போதுமா என்று மட்டும் கேட்டார். டி.வி. ரிமோட்டைக் குச்சியாக வைத்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன்.

இருபது நிமிடம் பேசினேன். மாதிரி எடுத்த முறை, வயல் உதாரணம், சிதறல் படம் எல்லாம் விளக்கினேன். பையனின் தகப்பனார் இரண்டு முறை மிக்சர் எடுத்துக்கொண்டார். சரோஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று ஏகாம்பரத்திடம் கேட்டது எனக்கும் கேட்டது. கூடுதலாக அமையும் ஒவ்வொரு பொருத்தமும் இல்லற மகிழ்ச்சியில் கால் மதிப்பெண்ணைக் குறைத்துவிடுகிறது என்று அறிவித்தேன். சேர்ந்து நடப்பது வேறு, ஒன்றால் மற்றது நடப்பது வேறு என்று முதலாண்டு மாணவனுக்கும் தெரியும். எனக்கு அந்த நிமிடம் தெரியவில்லை.

யாரும் அசையவில்லை. ஆகவே என் வலுவான சாட்சியை அழைத்தேன். ரிமோட்டை வலது ஓரத்தில் வைத்தேன்.

"இந்தப் புள்ளியைப் பாருங்கள். யாரென்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கூடாது. பத்துப் பொருத்தம். பத்தும் இருக்கிறது. அந்த அம்மாள் தந்திருக்கும் மதிப்பெண் எவ்வளவு தெரியுமா? இரண்டு. அப்படியானால் அந்த மனிதர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்."

யோசித்தார்கள். சரோஜா கண்ணைத் துடைப்பதை நிறுத்தினாள்.

"அண்ணா, பத்துப் பொருத்தம் நம்ம ஊர்ல யாருக்கு கீது?"

அந்தக் கேள்விக்கு நாற்பது ஆண்டுகளாக நான் தந்து வந்த விடை, கண்ணாடிச் சட்டத்தில், தெருவில் போகிற எவரும் படிக்கும்படி தொங்கிக்கொண்டிருந்தது. அதை எழுதிய மையின் நிறம் முதற்கொண்டு எனக்குத் தெரியும். ஆனாலும் விடை என் மண்டைக்குள் வந்து சேர்ந்தபோது கூடத்தில் இருந்த அத்தனை பேரும் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார்கள். ஒவ்வொருவராகத் திரும்பி, காப்பித் தட்டோடு சமையலறை வாசற்படியில் நின்ற வசந்தாவைப் பார்த்தார்கள்.

அவள் தட்டைக் கீழே வைத்தாள். ஒரு தம்ளர்கூடச் சத்தம் போடவில்லை.

"ஆமா. அது என்னுதுதான்."

"ரெண்டா அண்ணி?" என்றாள் சரோஜா.

"ரெண்டு."

சரோஜா தன் அண்ணியைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மகளைப் பார்த்தாள். பிறகு, இத்தனை வாரமும் நான் எண்களைக் கொண்டு அசைக்க முடியாத அந்தப் பெண், மூக்கை உறிஞ்சிவிட்டுச் சொன்னாள்:

"பத்தும் இருந்தே ரெண்டுதான்னா, நாலு இருந்தா இன்னா, இல்லாங்காட்டி இன்னா. பொண்ணு ஆசப்படுது. முடிச்சிடலாம்."

பையனின் தகப்பனார் கையிலிருந்த மிக்சரைத் தட்டில் போட்டுவிட்டு எழுந்து ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் விரும்பியது நடந்துவிட்டது. கௌரவமுள்ள எவனும் அத்தோடு வாயை மூடிக்கொண்டிருப்பான். ஆனால் முப்பத்து மூன்று ஆண்டுப் பழக்கம் என்னை எழுப்பி நிறுத்தியது. ஒரே ஒரு புள்ளியை வைத்து முடிவு செய்வது முறையல்ல, சரோஜா செய்வது அடிப்படைப் பிழை என்று ஆட்சேபித்தேன். சட்டைப் பையிலிருந்த இரண்டாவது தாளையும் எடுத்துப் பிரித்தேன். இந்தப் புள்ளியை நீக்கினால் கோடு எதிர்ப்பக்கம் திரும்பும் என்பதையும் அவர்கள் கவனிக்க வேண்டும் என்றேன். மறைத்து வைத்திருந்த உண்மையை அந்த நேரத்தில் நான் வெளியிட்டது நேர்மையினால் அல்ல. அந்தப் புள்ளி நீங்கிவிடாதா என்ற நப்பாசையினால்.

"உக்காருங்க மச்சான்," என்றார் ஏகாம்பரம். அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுவே முதல் முறை. உட்கார்ந்தேன்.

பிற்பகல் ஸ்கூட்டரில் வீடு திரும்பினோம். வசந்தா பின்னால் உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியாமல் பேசுவது இருவருக்கும் வசதியாக இருந்தது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டேன்.

"முப்பது பொம்பளைங்கள ஒருத்தி ஒருத்தியா கேட்டேன். என்ன யாரும் கேக்கல. நோட்டு கையில இருந்துச்சு, எழுதினேன்."

சரி, ஏன் இரண்டு என்றேன்.

"குடிச்சதில்ல, ஒண்ணு. கை நீட்டினதில்ல, ஒண்ணு."

மீதி எட்டைப் பற்றிக் கேட்கும் துணிவு எனக்கு இல்லை. கேட்காமலே, வெகுதூரம் வந்த பிறகு, அதில் ஒன்றை அவளே சொன்னாள். கல்யாணமான புதிதில், மூன்று ஆறும் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டும், திருமுக்கூடலுக்கு அழைத்துப் போங்கள் என்று கேட்டாளாம். அடுத்த வாரம் போகலாம் என்று நான் சொன்னேனாம். எனக்கு நினைவில்லை. ஆனால் நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். அறுவடைக் காலந்தோறும் கயிறும் தராசுமாக அந்த ஊர் வயல்களில் நின்றிருக்கிறேன். எத்தனை முறை என்று என் பணிக் குறிப்பேடுகளைப் பார்த்தால் சரியாகச் சொல்ல முடியும். பார்க்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஸ்டூல் போட்டு ஏறிக் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றினேன். பின்னால் சுவர் பளீரென்று ஒரு கட்டமாகத் தெரிந்தது. வசந்தா புடவை மாற்றிக்கொண்டு வந்து பார்த்தாள். அந்த இடம் மட்டும் வெள்ளையாக அசிங்கமாகத் தெரிகிறது, மாட்டிவிடுங்கள் என்றாள். மாட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் இப்போது அதைப் பார்த்துவிட்டு, உடனே காலண்டரைப் பார்ப்பது போல் பாவனை செய்கிறார்கள்.

அடுத்த வாரமே திருமுக்கூடல் போனோம். மூன்று ஆறும் சேரும் இடத்தில் அந்தச் சமயம் தண்ணீரைவிட மணல்தான் அதிகம் இருந்தது. அவள் நெடுநேரம் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோதானா," என்றாள். கோயிலில் பெருமாளைச் சேவித்துவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தபோது, இப்போது எத்தனை மதிப்பெண் என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"ஒரு தரம் எழுதினத அடிக்கக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க."

சுகன்யாவின் திருமணம் தை மாதமே நடந்தது. தாய்மாமன் மாலை போட நான் மேடை ஏறியபோது பையன் வீட்டுப் பக்கத்தில் யாரோ யாரிடமோ "ஓரப்புள்ளி" என்று சொல்வது காதில் விழுந்தது. அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. எங்கள் குடும்பத்தில் யாராவது எதையாவது அடித்துச் சொன்னால், "மொதல்ல அந்த ஓரப்புள்ளி யாருதுன்னு பாத்துக்கோ" என்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சுகன்யாவின் மாமியார்கூடச் சொல்கிறாராம். சுகன்யாவும் லோகேஷும் நன்றாக இருக்கிறார்கள் என்றுதான் தெரிகிறது. மதிப்பெண் கேட்டேன். மாமாவிடம் மட்டும் சொல்ல மாட்டேன் என்றுவிட்டாள்.

இதைப் பற்றி ஊரில் இரண்டு விதமாகப் பேசுவதால் இந்தக் கட்டுரையை எழுத நேர்ந்தது. நோட்டில் எழுதிய அன்று எங்களுக்குள் ஏதோ சண்டை, அந்தக் கோபத்தில்தான் வசந்தா இரண்டு என்று எழுதிவிட்டாள் என்கிறார்கள் சிலர். திருமுக்கூடல் போய் வந்த பிறகு அவள் அதை ஏழாக உயர்த்திவிட்டாள் என்று, என் மீதுள்ள பிரியத்தால், சரோஜா சொல்லி வருகிறாள். இரண்டும் தவறு. அன்று எங்களுக்குள் சண்டை எதுவும் இல்லை. மதிப்பெண் இன்னும் இரண்டுதான்.